டாம் பிராடியின் பந்து கோலாலம்பூர் வெயிலில்: வில்சன் டியூக் வாங்கலாமா?

அமெரிக்கக் காற்பந்து லீக்கான என்எப்எல்லின் ஆட்டப் பந்து, வில்சன் நிறுவனம் செய்யும் டியூக். புது டியூக்கைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் கையில் வழுக்கும். அமெரிக்காவிலேயே 130 டாலரை ஒட்டி விற்கும் பந்து. கப்பல் கூலியும் வரியும் கட்டி வரவழைத்தவர், போலியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைப்பார். போலி இல்லை. புதுத் தோலின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அது தேய்ந்து போகும்வரை இந்தப் பந்து யாருக்கும் பிடி கொடுக்காது, டாம் பிராடிக்கும் கொடுத்ததில்லை. அந்த லீக்கில் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவராக, 23 பருவம் ஆடி, வழக்கப் பருவ ஆட்டங்களில் மட்டும் 12,050 தடவை பந்தை எறிந்தவர் அவர். பந்தைத் தன் கைக்குப் பழக்க உரிமை வேண்டும் என்று லீக்கிடம் கேட்டு வாங்கியவரும் அவர்தான். கடைசியில் அவருக்கு வந்த பெரிய தலைக்குனிவும் பந்துக்குள் இருந்த காற்றால்தான் வந்தது.

அதனால் இந்த மதிப்பீட்டில் பிராடி அடிக்கடி வந்து போவார். எடுத்துக்கொண்ட பந்துகள் மூன்று வகை: தோலால் ஆன அசல் டியூக், அதே அளவில் செயற்கைத் தோலில் வரும் டியூக் ரெப்ளிக்கா, பிறகு கடைகளில் வலைப்பைக்குள் தொங்கும் மலிவான ரப்பர் பந்து. பாடாங் மெர்போக்கிலோ தித்திவங்சாவிலோ பினாங்கு பாடாங் கோத்தாவிலோ மாலையில் ஐந்து பேருக்கு ஐந்து பேர் ஃபிளாக் ஃபுட்பால் ஆடுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது. பந்தோடு ஓடுபவரின் இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் ஓட்டம் அத்தோடு நிற்கும், மோதல் கிடையாது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டிருக்கும் ஆட்டம் அது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊர் விளையாட்டுக் கடையில் அமெரிக்கக் காற்பந்து கேட்டால் பாதிப் பேர் ரக்பி பந்தை எடுத்து நீட்டுவார்கள். தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். நீளத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை: டியூக் 28 செ.மீ. சொச்சம், ரக்பி பந்து 28 முதல் 30 செ.மீ. வித்தியாசம் இடுப்பில்தான். டியூக்கின் நடுச் சுற்றளவு 53.3 முதல் 54 செ.மீ., ரக்பி பந்துக்கு 58 முதல் 62. ஒரு கையால் பிடித்து எறிய, குறைந்தது நாலு சென்டிமீட்டர் வரும் அந்தக் குறைவுதான் இடம் கொடுக்கிறது. ரக்பி பந்தில் விரல் மாட்டக் கயிற்றுத் தையலும் கிடையாது. நிரப்பும் காற்றும் வேறு: பிஎஸ்ஐ என்ற அழுத்த அளவில் ரக்பிக்கு 9.5 முதல் 10, டியூக்குக்கு 12.5 முதல் 13.5. ரக்பி பந்தை வாங்கி வந்து சுழற்றி எறியப் பழகுவது வீண் வேலை, தோள்பட்டைதான் வலிக்கும்.

டியூக்கின் எடை 14 முதல் 15 அவுன்ஸ், அதாவது 397 முதல் 425 கிராம். நெடுக்குச் சுற்றளவு 71 முதல் 72.5 செ.மீ. வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியது பந்தை அல்ல, கையை. விரல்களை முழுதாக விரித்து மேசைமேல் வைத்து, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளந்து பாருங்கள். அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் 2000ஆம் ஆண்டுத் தேர்வுக்கு முன் நடந்த உடற்சோதனையில் பிராடியின் கை 9⅜ அங்குலம், 23.8 செ.மீ. இருந்தது. குவார்ட்டர்பேக்குகளுக்கு அது சாதாரணக் கைதான். அதே சோதனையில் 40 யார்டை 5.28 நொடியில் ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்து யாரும் அவரை எடுக்க முன்வரமாட்டார்கள். ஆறு குவார்ட்டர்பேக்குகள் போன பிறகு, ஆறாவது சுற்றில் 199ஆவது ஆளாக நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அவரை எடுத்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் பேஸ்பால் அணியான மாண்ட்ரியல் எக்ஸ்போஸ் அவரைக் கேட்சராக எடுத்திருந்தது. அதை விட்டுவிட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

உங்கள் கை 20 செ.மீ.க்குக் கீழே என்றால் முழு அளவுப் பந்தை வாங்காதீர்கள். வில்சனில் டிடிஒய் என்ற குறியோடு 12 முதல் 14 வயதுக்கான அளவு வருகிறது. பெரியவர்களிலும் சின்னக் கைக்காரர்களுக்கு அது வசதி. டிடிஜே 9 முதல் 12 வயது, கே2 அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு. கை போதாதவர் பெரிய பந்தை எறிந்தால் உள்ளங்கை பந்தோடு ஒட்டிக்கொள்ளும். பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால்தான் பந்து கையை விட்டுப் போகும்போது சுழலும். இல்லாவிட்டால் கோழி பறக்கிற மாதிரி பறந்து நடுவழியில் விழும்.

இனி தோல் விஷயம். அமெரிக்காவில் இந்தப் பந்துக்குப் 'பன்றித்தோல்' என்று பட்டப்பெயர். அதைக் கேட்டுவிட்டு மலாய் நண்பர்கள் தொடத் தயங்குவது நியாயம்தான், ஆனால் பெயரில் மட்டும்தான் பன்றி. தோல் மாட்டுத்தோல், சிகாகோவில் உள்ள ஹார்வீன் பதனிடும் ஆலையிலிருந்து வருவது. மாட்டுத்தோல் வீட்டுக்குள் வரக்கூடாது என்கிற நம் குடும்பங்களுக்கு இந்தப் பதிலே புதுச் சிக்கலைக் கொண்டுவரும். இரண்டு பக்கமும் சங்கடம் வேண்டாம் என்றால் செயற்கைத் தோல்தான் வழி. பல இனத்தவரும் சேர்ந்து ஆடும் குழுவுக்குப் பொதுப் பந்து வாங்கும்போது இதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. திடலில் வைத்துக் கேட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

நான்கு தோல் துண்டுகளை உட்புறம் வெளியே தெரியும்படி தைத்து, பிறகு நீராவி காட்டித் தோலை இளக்கிக் கையாலேயே திருப்புகிறார்கள். உள்ளே பையை வைத்துக் கயிறு கோத்த பிறகுதான் காற்று அடிப்பது. 1955 முதல் ஒஹையோ மாநிலத்தில் ஏடா என்ற சிற்றூரில் உள்ள ஆலையில் இந்த வேலை நடக்கிறது. டியூக்கில் வெள்ளைக் கோடு கிடையாது. நுனியருகே வெள்ளை வளையம் போட்ட பந்தைக் காட்டி 'என்எப்எல் ஆட்டப் பந்து' என்று யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள். அந்தக் கோடு கல்லூரி, பள்ளிப் பந்துகளுக்கு உரியது.

பழக்குவது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் செய்யாமல் டியூக்கை வாங்குவது பணத்தைக் கடலில் போடுவது. தேவையானவை ஒரு பழைய பருத்தித் துவாலை, குதிரைமயிர்த் தூரிகை, பந்துத் தோலுக்கென்றே விற்கும் பதப்படுத்தும் பசை. வெதுவெதுப்பான நீரில் துவாலையை நனைத்து, சொட்டுச் சொட்டாக வடியாதபடி பிழிந்துகொண்டு, பந்தை முழுக்க அழுத்தித் துடையுங்கள். துவாலையில் செம்பழுப்புச் சாயம் ஏறும். பயப்பட வேண்டாம், போவது மேல்பூச்சுதான். ஈரம் இருக்கும்போதே தூரிகையால் ஒவ்வொரு துண்டாகத் தேய்க்க வேண்டும். கை கடுக்கும்வரை தேய்த்தால்தான் தோலின் புள்ளிப் புடைப்புகளுக்கு நடுவே படிந்திருக்கும் மெழுகு வரும். தையல் ஓரங்களையும் கயிற்றுக்கு இரு பக்கமும் உள்ள இடத்தையும் விட்டுவிடாதீர்கள், விரல்கள் உட்காருவது அங்கேதான். பிறகு பசையை மெல்லிதாகத் தடவி மறுபடியும் தேய்ப்பு. பந்தின் நிறம் இரண்டு படி கறுத்துவிடும். ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் வைத்துவிட்டு, மறுநாள் பசையில்லாமல் தூரிகை மட்டும் போடுங்கள். இதை மூன்று தடவை செய்த பிறகு பந்தை ஒரு கையால் தலைகீழாகப் பிடித்தால் நழுவாது.

இங்கே நம்மவர்கள் செய்யும் இரண்டு தவறுகள். ஒன்று தேங்காய் எண்ணெய். தோல் என்றாலே எண்ணெய் என்று கை போகிறது. எண்ணெய் ஏறிய தோல் பளபளக்கும், பிடி மட்டும் இருக்காது. இந்த ஈரக்காற்றில் இரண்டு வாரத்தில் பூஞ்சையும் பூக்கும். மற்றது சப்பாத்துப் பாலிஷ். நாம் பாடுபட்டு எடுத்த அதே மெழுகைத் திருப்பி ஏற்றுகிற வேலை அது. இன்னொன்றும் சொல்லிவிடலாம்: மாமாக் கடையில் ரொட்டி சானாய் பிய்த்த கையோடு திடலுக்கு வந்து பந்தைத் தொடுபவரை அன்போடு குழாயடிக்கு அனுப்புங்கள். தோல் பந்தில் ஏறிய நெய்யைப் பசையால் ஓரளவு மீட்கலாம், செயற்கைத் தோலில் ஏறினால் சோப்பு நீரில் கழுவினாலும் பழைய பிடி வராது.

இந்தப் பழக்கும் உரிமைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2006க்கு முன் என்எப்எல்லில் பந்துகளைக் கொடுப்பது சொந்தத் திடல் அணி மட்டும். வெளியூரிலிருந்து வந்த குவார்ட்டர்பேக் அவர்கள் கொடுத்ததை எறிந்துவிட்டுப் போக வேண்டியதுதான். இன்னொரு குவார்ட்டர்பேக்கான பேட்டன் மேனிங்கும் பிராடியும் முன்னின்று கேட்டதில் அந்த ஆண்டு விதி மாறியது. ஒவ்வொரு அணியும் தன் பந்துகளைத் தானே பழக்கிக் கொண்டுவரலாம் என்றானது. பந்துக்கு 'டியூக்' என்ற பெயர் திரும்பியதும் அதே 2006இல்தான். 1941 முதல் 1969 வரை இருந்த பெயர் அது. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் உரிமையாளர் வெலிங்டன் மாராவின் செல்லப்பெயர். 2005இல் அவர் இறந்த பிறகு அடுத்த பருவத்தில் மறுபடியும் பந்தில் ஏறியது. வேடிக்கை என்னவென்றால், என்எப்எல்லின் இறுதியாட்டமான சூப்பர் பவுலில் பிராடி பெற்ற ஏழு வெற்றிகளில் முதல் மூன்றும் இந்த வசதி வருவதற்கு முன்பே வந்துவிட்டன. பந்து சரியில்லை என்று சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது, தேவைதான் இருக்கவில்லை.

அடுத்தது காற்று. கோலாலம்பூரில் பெரும்பாலானோர் கோட்டை விடுவது இதில்தான்.

2015 ஜனவரி 18, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபாக்ஸ்பரோ. இண்டியானபோலிஸ் கோல்ட்ஸை பேட்ரியட்ஸ் 45–7 என்று புரட்டிப் போட்ட இரவு. இடைவேளையில் அளந்தபோது பேட்ரியட்ஸ் பந்துகளில் காற்று 12.5க்குக் கீழே இருந்தது. வேண்டுமென்றே காற்றை இறக்கினார்கள் என்று விசாரணை. பிராடிக்கு அது தெரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று அறிக்கை. அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம், முதல் சுற்றுத் தேர்வு ஒன்றும் நாலாம் சுற்றுத் தேர்வு ஒன்றும் பறிபோயின. பிராடிக்கு நான்கு ஆட்டத் தடை. நீதிமன்றங்களில் இழுபட்டு, 2016 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் அவர் வெளியே உட்கார்ந்தார். அந்தப் பருவம் முடிந்தது எப்படி என்பது தெரிந்ததே: 28–3 என்று பின்தங்கிய இறுதியாட்டத்தை 34–28 என்று கூடுதல் நேரத்தில் வென்றார். மலேசியாவில் அது திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போய்விட்டவர்கள் பாதி ஆட்டத்தோடு முடிந்துவிட்டதென்று நம்பியிருந்த ஆட்டம்.

குற்றமா இல்லையா என்ற வழக்கை விடுங்கள். பந்துக்குள் நடப்பது வெறும் பௌதிகம். அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் உள்ள அழுத்தம் மட்டும். கணக்குப் போட அதோடு 14.7ஐக் கூட்ட வேண்டும். வெப்பநிலையோடு 273ஐக் கூட்ட வேண்டும். 22 டிகிரி அறையில் 12.5 அடித்த பந்தில் உண்மையில் இருப்பது 27.2. அதை 10 டிகிரிக் குளிருக்குக் கொண்டுபோனால் 27.2ஐ 283ஆல் பெருக்கி 295ஆல் வகுக்க வேண்டும்: 26.1. அதில் 14.7 போக மானி காட்டுவது 11.4. யாரும் ஊசியைத் தொடாமலே 1.1 பிஎஸ்ஐ காணாமல் போய்விட்டது. விதியின் கீழ் எல்லையில் நிரப்பியவருக்கு வந்த வினை அது. 12.5தான் தன் கைக்குப் பொருத்தம் என்று பிராடியே செய்தியாளர்களிடம் சொல்லியிருந்தார். மற்றொரு குவார்ட்டர்பேக்கான ஆரன் ராட்ஜர்ஸுக்கு நேரெதிர், பெரிய கை, கல் போல இருந்தால்தான் பிடிக்கும்.

நம் ஊரில் இதே கணக்கு தலைகீழாக ஓடும். ஏர்கோன் போட்ட கொண்டோ அறையில், 22 டிகிரியில், 12.5 அடித்துவிட்டு மாலை நான்கு மணிக்குப் பாடாங் மெர்போக்கில் இறங்குகிறீர்கள். வெயிலில் கிடந்த பந்து 34 டிகிரிக்கு வந்ததும் 13.6. விதியின் மேல் எல்லையைத் தாண்டியாயிற்று. காரின் பின்பெட்டியில் 55 டிகிரிச் சூட்டில் கிடந்தால் 15.5. புதிதாக ஆடுபவர்கள் 'பந்து அடிக்கிறது, விரல் வலிக்கிறது' என்று சொல்வது பெரும்பாலும் இதனால்தான். பந்தின் மேல் பழி போடுகிறோம், பழி பின்பெட்டியுடையது. அடிக்கடி அப்படிக் கிடந்தால் தையல் விரிந்து பந்து நடுவில் உப்பும். உப்பிய பந்தைச் சரிசெய்ய முடியாது. நல்ல வழி, ஏர்கோன் அறையில் 11.5 மட்டும் அடிப்பது. திடல் சூட்டில் அது தானாக 12.6க்கு வரும். அதைவிட நல்ல வழி, பம்பைத் திடலுக்கே எடுத்துப்போய், பந்து கால் மணி நேரம் நிழலில் கிடந்த பிறகு அளப்பது.

அளப்பது எதைக் கொண்டு? சைக்கிள் பம்பின் வட்டமானி 160 வரை ஓடுவது. அதில் 12க்கும் 14க்கும் நடுவே முள் தடிமன்தான் இருக்கும். 0 முதல் 20 வரை காட்டும் தனி மானி ஒன்று வாங்குங்கள். அதையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஃபாக்ஸ்பரோவில் நடுவர்களிடம் இருந்த இரண்டு மானிகளே ஒரே பந்துக்கு ஏறக்குறைய 0.4 வித்தியாசம் காட்டின. லீக்கின் மானிக்கே அந்தக் கதி என்றால் நம்முடையது எம்மாத்திரம். எப்போதும் ஒரே மானியால் அளந்தால் போதும், உங்கள் கைக்கு எந்த எண் பிடிக்கிறது என்பது நாலு வாரத்தில் தெரிந்துவிடும். ஊசி சாதாரணக் காற்பந்து ஊசியேதான். உலர்ந்த ஊசியைச் செருகாதீர்கள், வால்வின் ரப்பர் கிழிந்துவிடும். எச்சில் தொட்டுச் செருகினால் ஊசி உள்ளே துருப்பிடிக்கும். ஒரு துளி கிளிசரின், நேராக, மெல்லத் திருகியபடி. ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் சிறிது காற்று போகும் என்பதால் சும்மா சும்மா அளக்கவும் வேண்டாம்.

மழை. மதியத்துக்கு மேல் கறுத்துக்கொண்டு வரும் கோலாலம்பூர் மழைக்கும் தோல் பந்துக்கும் ஆகாது. நனைந்த தோல் நீரை உறிஞ்சும், எடை கூடும், நீளும், கயிறு தளரும். பிராடியின் பெயர் முதலில் ஊரெங்கும் பரவியதே ஒரு ஈரப் பந்தால்தான்: 2002 ஜனவரி 19, கொட்டும் பனியில் ஓக்லண்ட் ரெய்டர்ஸோடு ஆட்டம். கடைசி நிமிடங்களில் அவர் கையிலிருந்து பந்து நழுவியது. ஆட்டமே போய்விட்டது என்றிருந்தபோது, கை முன்னோக்கி வந்துகொண்டிருந்ததால் அது தவறவிட்டதல்ல, யாரும் பிடிக்காமல் விழுந்த எறிதல் என்று நடுவர் தீர்ப்பை மாற்றினார். 16–13 என்று பேட்ரியட்ஸ் வென்றது. அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் அவர் மாற்று ஆட்டக்காரர். அணியின் முதல் குவார்ட்டர்பேக் டிரூ பிளெட்ஸோவுக்குக் காயம் பட்டதால்தான் உள்ளே வந்தார். இரண்டு வாரம் கழித்து முதல் சூப்பர் பவுல்.

நமக்கு அப்படி ஒரு விதி உதவிக்கு வராது, ஆகவே நனைந்த டியூக்கைக் காப்பாற்றும் வழியைப் பார்ப்போம். சேற்றை ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். செம்மண் காய்ந்தபின் தேய்த்தால் தோலுக்குள் இறங்கிவிடும். காற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டாம், உருவம் கெடும். ஆடிய அழுத்தத்திலேயே நாளிதழ்த் தாளில் சுற்றி, இரண்டு மணிக்கொருமுறை தாளை மாற்றி, விசிறிக்கு முன் வையுங்கள். வெயிலிலோ முடி உலர்த்தும் கருவியிலோ காயவைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். முழுக்கக் காய இரண்டு நாள் ஆகும். பிறகு ஒரு சுற்றுப் பசையும் தூரிகையும். பினாங்கில் கடலோரத் திடலில் ஆடுபவர்கள் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு அவசியம். பந்தைச் சப்பாத்து அலமாரிக்குள் அடைக்காதீர்கள், பூஞ்சைக்கு அதைவிட வசதியான வீடு இல்லை.

இவ்வளவும் செய்ய ஆளில்லாத குழுவுக்கு டியூக் ரெப்ளிக்காவே சரி. அதைத்தான் இந்த ஊருக்கு முதலில் சொல்வோம். அளவு அதேதான், விலை அசலில் மூன்றில் ஒரு பங்குக்குள் வரும், முதல் நாளிலேயே கையில் ஒட்டும். வியர்வைக் கைக்குத் தோலைவிட மோசம் என்பது உண்மை. தோல் வியர்வையை உள்ளே இழுக்கும், செயற்கைத் தோல் மேலேயே நிறுத்தும். ஆகவே இடுப்பில் ஒரு சிறு துவாலை இல்லாமல் ஆடாதீர்கள். புடைப்புகள் தேய்ந்ததும் மீட்க வழியில்லை, பழக்கும் பசையும் இதற்கு வேலை செய்யாது. இன்னொரு குறையை அமெரிக்காவில் எழுதப்படும் மதிப்பீடுகளில் பார்க்க முடியாது. ஆடாமல் வைத்திருந்தாலும் இது கெடும். அலமாரியில் பத்திரமாக வைத்த சப்பாத்தின் அடிப்பாகம் ஒருநாள் பொடிப்பொடியாக உதிருமே, அதே பாலியுரேத்தேன் நோய்தான். ஈரக்காற்று அதைத் தின்றுவிடும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு தோல் உரியும். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று ஐந்து வாங்கி அடுக்காதீர்கள். ஒன்று வாங்கி, தேய்ந்ததும் அடுத்தது.

ரப்பர் பந்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கும் கடற்கரைக்கும் மழைக்கும் ஏற்றது. கயிறு உண்மைக் கயிறு அல்ல, அச்சில் வார்த்த மேடு, விரல் பிடிக்காது. பிடிக்கும்போது உள்ளங்கை சிவக்கும். ஐம்பது வெள்ளிக்குள் கிடைக்கிற பொருளிடம் அதற்கு மேல் கேட்கக் கூடாது.

டியூக் யாருக்கு? வாரத்தில் இரண்டு நாளாவது எறியும், பந்தை வேறு யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகாத ஒரு குவார்ட்டர்பேக்குக்கு. பழகிய டியூக் கையை விட்டுப் போகும்போது மோதிரவிரலும் சுண்டுவிரலும் கயிற்றை இழுத்துவிடும் அந்தக் கடைசி உரசல் செயற்கைத் தோலில் வராது, எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வராது. பிராடி எறிந்த பந்துகள் சேர்த்துக் கொடுத்தது 89,214 யார்டு; பிடித்தவர் ஓடியதையும் கூட்டித்தான் இந்தக் கணக்கு என்றாலும், கிலோமீட்டரில் 81க்கு மேல், ஏறக்குறைய கோலாலம்பூரிலிருந்து தஞ்சோங் மாலிம். அத்தனை தூரம் ஓடிய கை எதை விரும்பியது என்பதற்கு ஒரு மதிப்பு உண்டுதான். ஆனால் அந்தக் கைக்குப் பின்னால் பந்தைத் தேய்க்கச் சம்பளம் வாங்கும் ஆட்கள் இருந்தார்கள்.

வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியவை. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. ரெப்ளிக்கா இதில் வந்துவிடும். அசல் டியூக் பெரும்பாலும் 500ஐத் தாண்டும், அப்போது சுங்கத்தின் வழக்கமான கணக்குக்குப் போய்விடும். கடைப் பக்கத்தில் காட்டும் விலையை இறுதி விலை என்று எடுக்காதீர்கள். காற்றில்லாமல் தட்டையாக வந்தால் கூலி குறையும், ஆனால் மடித்து அனுப்பியதால் தோலில் விழுந்த மடிப்பு போகாது. காற்றோடு அனுப்பச் சொல்லுங்கள். அசல் டியூக்கில் லீக்கின் கேடயச் சின்னமும் ஆணையர் கையெழுத்தும் தோலில் பதிந்திருக்கும். நகத்தால் தடவினால் பள்ளம் தெரிய வேண்டும், மேலே மை பூசியதுபோல் வழவழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். '130 வெள்ளிக்கு அசல் தோல் டியூக்' என்ற விளம்பரத்தில் 130 சரி, நாணயம்தான் தவறு.

சிலர் ஆடுவதற்கு அல்ல, பிராடி கையெழுத்திட்ட பந்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கத் தேடுகிறார்கள். அந்தச் சந்தையில் நுழைவதற்கு முன் 2022 மார்ச் 12ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கடைசியாக டச்டவுனுக்கு, அதாவது எதிரணியின் எல்லைக்குள் புள்ளி எடுக்க, எறிந்த பந்து என்று சொல்லி ஏலம் விட்ட ஒன்று 518,628 டாலருக்குப் போனது. மறுநாளே அவர் ஓய்விலிருந்து திரும்புவதாக அறிவித்தார், விற்பனை ரத்தானது. இறுதியாக அவர் விலகியது 2023 பிப்ரவரி 1. கையெழுத்துப் பந்து வாங்கினால், மூன்றாம் தரப்புச் சான்றின் வரிசை எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் நீங்களே தட்டிப் பார்த்த பிறகுதான் பணம். வீட்டுக்கு வந்ததும் காற்றை 6 அல்லது 7க்கு இறக்கிவிடுங்கள். உருவம் நிற்கும், தையலுக்குச் சுமை இருக்காது. ஜன்னல் வெளிச்சம் மையை வெளிறச் செய்யும். கேமராவுக்கு வைக்கும் ஈரம் நீக்கும் பெட்டி இருந்தால் 50 விழுக்காட்டில் வைத்து அதில் போடலாம், ஆனால் உள்ளளவை முன்கூட்டியே பாருங்கள்: பந்து 28 செ.மீ. சொச்சம் நீளம். சின்னப் பெட்டிக்குள் சாய்த்து அமுக்கி வைத்தால் ஆறு மாதத்தில் ஒரு பக்கம் தட்டையாகிவிடும், பெரும்பாலும் கையெழுத்து இருக்கும் பக்கம்.